"கையைப் பிடிச்சுக்கூடப் பாக்கல": ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரின் 90 விநாடி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் டீக்கடையில் அரசு ஆஸ்பத்திரிப் பேச்சு எழுந்தால் நாலு வாக்கியம் தவறாமல் காதில் விழும். "கையைப் பிடிச்சுக்கூடப் பாக்கல." "எந்த நோய்க்குப் போனாலும் அதே வெள்ளை மாத்திரை." "ஊசி போடச் சொன்னா முறைக்கிறாங்க." "ஒண்ணும் பண்ணாம தர்மபுரிக்கு எழுதிட்டாங்க." நாலும் நடப்பவைதான். சிலது டாக்டரின் தவறு. சிலது ஆள் போடாதவர்களின் தவறு. சிலது தவறே இல்லை, மருத்துவ முறையே அப்படித்தான். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் கோபம் எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் இறங்கும், குறை இருந்த இடத்திலேயே இருக்கும். பிரித்துப் பார்க்க, அந்தக் கட்டடத்துக்குள் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

எத்தனை பேருக்கு ஒரு டாக்டர்

சமவெளியில் 30,000 பேருக்கும், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 20,000 பேருக்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது இந்தியப் பொதுச் சுகாதார நெறிமுறையின் கணக்கு. அதன் கீழே 5,000 பேருக்கு (மலையில் 3,000 பேருக்கு) ஒரு துணை சுகாதார நிலையம்; அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர், டாக்டர் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தில் 15 லட்சம் பேர், கிருஷ்ணகிரியில் ஏறத்தாழ 18.8 லட்சம் பேர். சித்தேரி மலை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கம் 20,000 பேர் என்பது எண்ணிக்கையில் குறைவாகத் தெரியும். அந்த 20,000 பேரும் எத்தனை மேடு, எத்தனை காடு தாண்டிச் சிதறிக் கிடக்கிறார்கள் என்பது கணக்கில் வராது.

சாதாரண ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் 2 டாக்டர் பணியிடம். கூடவே ஷிஃப்ட் முறையில் பிரசவமும் அவசரமும் பார்க்கும் செவிலியர்கள், ஒரு மருந்தாளுநர், ஓர் ஆய்வக நுட்புநர், பணியாளர்கள். வட்டாரத்துக்கு ஒன்றாக இருக்கும் 30 படுக்கை மேம்படுத்தப்பட்ட நிலையத்தில் டாக்டர்கள் இன்னும் சிலர் உண்டு. அங்கே இருக்கும் வட்டார மருத்துவ அலுவலரே சுற்றியுள்ள நிலையங்களுக்கும் மேற்பார்வையாளர்.

இந்த டாக்டர் சிறப்பு நிபுணர் அல்ல, எம்.பி.பி.எஸ். முடித்தவர். காய்ச்சல், சுகர், பிரஷர், கர்ப்பிணி, கைக்குழந்தை, தேள்கடி, பூச்சிமருந்து குடித்தவர் என்று எல்லாரும் முதலில் வந்து நிற்பது இவர் முன்னால். பிரிட்டனில் இதே வேலையைச் செய்பவரை ஜி.பி. என்பார்கள், அதாவது குடும்ப டாக்டர். அங்கே ஒரு நோயாளிக்கு 10 நிமிடம் என்பது வழக்கமான அளவு. அதுவே போதவில்லை, அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்கவில்லை என்று அந்த ஊர்ப் பத்திரிகைகள் அவர்களை வறுத்தெடுக்கின்றன. நம் ஊர்க் கணக்கு அதைவிட இறுக்கம்.

90 விநாடி எப்படி வருகிறது

காலைப் புறநோயாளர் நேரம் 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்: 240 நிமிடம். ஓ.பி. சீட்டு 160. இரண்டு டாக்டர்களும் இருந்தால் ஆளுக்கு 80 பேர், ஒருவருக்கு 3 நிமிடம். ஒருவர் விடுப்பிலோ முகாமிலோ இருந்தால் 160 பேரும் ஒருவருக்கே. அப்போது தலைக்கு 90 விநாடி. நடுவில் இரண்டு அவசர கேஸ் வந்து ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டால் மிச்சம் 180 நிமிடம், தலைக்கு 67 விநாடி. அதற்குள் சீட்டை வாங்கி, என்ன தொந்தரவு என்று கேட்டு, பழைய மருந்தைப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்டெதஸ்கோப் வைத்து, எழுதிக் கொடுத்தாக வேண்டும். கையைப் பிடித்துப் பார்க்காததன் ரகசியம் பெரும்பாலும் இந்த வகுத்தல் கணக்குதான்.

67 நாடுகளின் தரவைத் தொகுத்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. முதல்நிலை டாக்டர் ஒரு நோயாளிக்குச் சராசரியாகச் செலவிடும் நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், பங்களாதேஷில் 48 விநாடி. இந்தியா சுமார் 2 நிமிடத்தில் நிற்கிறது.

கூட்டத்துக்கும் ஒரு நாள்கணக்கு உண்டு. ஞாயிறு கழிந்த திங்கள், வாரச் சந்தை நாள், செவ்வாய் ஆகியவை நெரிசலானவை. சந்தைக்கு வருகிறவர்கள் அப்படியே டாக்டரையும் பார்த்துவிட்டுப் போவார்கள். செவ்வாய் கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். அன்று ஒவ்வொருவருக்கும் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், வயிற்றுப் பரிசோதனை என்று வரிசையாக உண்டு. அவசரப்படுத்த முடியாது, அவசரப்படுத்தவும் கூடாது. முழங்கால் வலிக்கு அன்றைக்குப் போய் வரிசையில் நின்றால் எரிச்சல்தான் மிஞ்சும்.

முழங்கால் வலி என்றதும் இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயம். இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்கள் பல. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்தத் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல. பல வருடம் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை, பிறகு மூட்டு, முதுகெலும்பு இறுக்கம். ஜப்பான் கடனுதவியுடன் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டதே இதற்காகத்தான். ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் மறுபடி போர் தண்ணீரைக் குடிக்கும் ஊரில், ஓ.பி. வரிசையில் நிற்கும் இடுப்புவலிக்காரர்களை எந்த டாக்டரும் மாத்திரையால் குறைக்க முடியாது. அந்தப் புகார் போக வேண்டிய இடம் ஊராட்சி அலுவலகம்.

"வெளியே இத்தனை பேர் நிக்கிறோம், உள்ள சும்மா நிக்கிறாரு"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறவர்களுக்கு மிகவும் கோபம் வரும் காட்சி இது. வரிசை வராண்டாவைத் தாண்டி வேப்பமரம் வரை நிற்கிறது. உள்ளே டாக்டர் ஒரு கட்டில் பக்கத்தில் கையைக் கட்டி நிற்கிறார். மேசை மேல் ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் கொஞ்சம் ரத்தம். அவ்வளவுதான் தெரியும்.

நடப்பது பாம்புக்கடிச் சோதனை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் நோயாளியின் ரத்தம் 2 மில்லி எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக உறைந்திருந்தால் சரி. தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துவிட்டது என்று பொருள். நடுவில் ஆட்டினாலோ, பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயாக இருந்தாலோ முடிவு தப்பாகிவிடும். அந்த 20 நிமிடமும் டாக்டர் பார்ப்பது குழாயை மட்டுமல்ல. கண் இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, மூச்சு இழுக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் ரத்தத்தை விட்டுவிட்டு நரம்பைப் பிடிக்கும், குழாய் அதைச் சொல்லாது. தரையில் படுத்துத் தூங்கியவருக்கு விடியற்காலையில் வெறும் வயிற்றுவலி என்று தொடங்குவதுகூடக் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம், கடித்த தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

விஷம் ஏறியிருப்பது உறுதியானால் விஷமுறிவு மருந்து 8 முதல் 10 குப்பி, ஒவ்வொன்றும் 10 மில்லி, சலைனில் கலந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். மருந்தே ஒவ்வாமல் போகலாம். உடம்பெல்லாம் தடிப்பு, ரத்த அழுத்தம் சரிவு, மூச்சடைப்பு என்று சில நிமிடங்களில் வந்துவிடும். அதற்கான அட்ரினலின் ஊசியைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஒருவர் நின்றாக வேண்டும். வெளியே நிற்கும் 60 பேருக்கு இது "சும்மா நிற்பது". கட்டிலில் கிடப்பவருக்கு உயிர். ஒரு செவிலியர் வெளியே வந்து "உள்ள பாம்புக்கடி, ஒரு மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். அதைச் சொல்ல ஆள் அனுப்பாதது மட்டும் நிலையத்தின் குறை, சின்னக் குறையும் அல்ல.

வெள்ளை மாத்திரை, ஊசி, நாய்க்கடி

பாராசிட்டமால் வெள்ளை. சுகருக்கான மெட்ஃபார்மின் வெள்ளை. பிரஷருக்கான அம்லோடிபின் வெள்ளை. மூன்றும் வேறு வேறு வேலை செய்பவை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1994-ல் தொடங்கப்பட்டது, மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. நிலையங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றன. பளபளப்பான அட்டையும் கம்பெனிப் பெயரும் இருக்காது, அதனால் மருந்தின் வீரியம் குறைந்துவிடாது. கிடங்கில் ஒரு மருந்து தீர்ந்தால் நிலையத்திலும் தீரும். அதற்காக மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவரைத் திட்டுவது, ரேஷன் அரிசி வராததற்கு எடை போடுகிறவரைத் திட்டுவது மாதிரி.

ஊசி விஷயத்தில் டாக்டர் மறுப்பது பெரும்பாலும் நல்லதற்கே. வைரஸ் காய்ச்சலுக்கு ஊசியால் குணம் சீக்கிரம் வராது. டெங்கு பரவும் காலத்தில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி ஊசி ரத்தக்கசிவைக் கூட்டலாம். பக்கத்துத் தெருவில் படிப்பில்லாமல் கிளினிக் நடத்துகிறவர் கேட்டவுடன் ஊசி போடுவதால் அவர் "கைராசிக்காரர்" என்று பெயரெடுப்பது வேறு கதை.

நாய்க்கடியில் இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கிறது. வெறிநாய்த் தடுப்பூசியைத் தோலுக்குள், இரண்டு மேற்கைகளிலும் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். ஒரு குப்பி பல பேருக்கு வரும், திறந்தால் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் "இன்னும் ரெண்டு பேர் வரட்டும், உக்காருங்க" என்று செவிலியர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. "நாளைக்கு வாங்க" என்று சொன்னால் அதில் நியாயம் இல்லை. முதல் நாள் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது, ஒரே ஆள் வந்தாலும் குப்பியைத் திறந்தே ஆக வேண்டும். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காமல் கேளுங்கள். அங்கே போவதற்கு முன் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது உங்கள் வேலை. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் தேவை. அது இல்லாத நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதுவது முறையானது.

"எழுதிட்டாங்க"

ரெஃபர் செய்வதை ஊரில் "எழுதிட்டாங்க" என்கிறோம். குரலில் பாதி பயம், பாதி வசை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை, மயக்க மருந்து டாக்டர் இல்லை, ரத்த வங்கி இல்லை. பிரசவத்தில் குழந்தை இறங்காமல் நின்றால் சிசேரியனுக்கு அனுப்புவதைத் தவிர அங்கே யாரும் எதுவும் செய்ய முடியாது. தாமதமாக எழுதுவதுதான் ஆபத்து. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-லும், போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியிலும் வந்தன. அதற்கு முன் இதே கேஸ்கள் சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஓடின.

எழுதும்போது மூன்று விஷயத்தைக் கேளுங்கள். சீட்டில் நேரமும் இதுவரை கொடுத்த மருந்தும் எழுதியிருக்கிறதா? போகிற ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாயிற்றா? 108 வருகிறதா? கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் அறிகுறி இருந்தால் மெக்னீசியம் சல்பேட்டின் முதல் டோஸைப் போட்டுவிட்டு அனுப்புவதே முறை. வெறும் சீட்டை மட்டும் நீட்டி அனுப்பியிருந்தால் அது உண்மையான குறை, புகார் எழுதத் தகுந்தது.

தேவையில்லாத ரெஃபரும் உண்டு. அதில் நமக்கும் பங்கு இருக்கிறது. ஒரு நிலையத்தில் ஒரு முறை அடிதடி நடந்து, வீடியோ செல்போனில் ஊரெல்லாம் சுற்றிவிட்டால், அங்கே வரும் அடுத்த டாக்டர் எதையும் கையில் வைத்துக்கொள்ள மாட்டார். நெஞ்சு லேசாக வலிக்கிறதா, தர்மபுரி. குழந்தைக்கு வாந்தியா, தர்மபுரி. பென்னாகரத்துக்கு உள்ளே இருக்கும் ஊர்க்காரர் கூலி போய், பஸ் காசு போய், அங்கே ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்புவார். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. அப்படியும் 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவர் பணியிலேயே கத்தியால் குத்தப்பட்டார். அந்தச் செய்தி மலையடிவார நிலையத்தில் தனியாக இருக்கும் டாக்டரின் காதுக்கும் போகும். (அடி வாங்குவது எப்போதும் டாக்டரும் இல்லை. முன்னால் நிற்கும் செவிலியரும் சீட்டுப் போடுகிறவரும்கூட வாங்கிக்கொள்கிறார்கள்.)

நாற்காலி ஏன் காலி

டாக்டரைத் தேர்வு செய்வது 2012-ல் வந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். பணியில் சேர்ந்தவர் சில வருடங்களில் மேற்படிப்புக்குப் போவார், அது 3 வருடம். பெண் டாக்டருக்கு ஓராண்டு மகப்பேறு விடுப்பு, 2021 முதல் எல்லாப் பெண் அரசு ஊழியருக்கும் உள்ள உரிமை. இரண்டும் சரிதான். போனவருக்கு மாற்றாள் போடாததுதான் கோளாறு. மூன்றாவது ஒன்று வெளியே தெரியாது: மாற்றுப்பணி, பேச்சு வழக்கில் டெபுடேஷன். சம்பளப் பட்டியலில் ஆள் மலை நிலையத்தில் இருப்பார், வேலை பார்ப்பது வேறெங்கோ இருக்கும். காகிதத்தில் காலிப் பணியிடமே இல்லை, வரிசையில் நிற்பவருக்கு டாக்டரும் இல்லை.

இருப்பவரின் நேரமும் முழுவதும் ஓ.பி.க்குக் கிடைக்காது. முகாம், ஆய்வுக் கூட்டம், காய்ச்சல் கண்காணிப்பு அறிக்கை, கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசிப் பதிவு, தாய் இறந்தால் அதற்கான விசாரணை. தொப்பூர் கணவாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நெடுஞ்சாலை விபத்தும் சேரும். சுகர், பிரஷர் மாத்திரை வாங்க மட்டும் மாதாமாதம் வருகிறவர்களை வரிசையிலிருந்து எடுக்க வந்த ஏற்பாடு மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று அது தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு மாத்திரை வீடு தேடி வரவில்லை என்றால், கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு நடை மிச்சம், வரிசையிலும் ஓர் ஆள் குறைவு.

எந்தப் புகார் எந்த மேசைக்கு

பணி நேரத்தில் சொல்லாமல் இல்லாமல் போவது, காசு கேட்பது, சாதி சொல்லியோ மரியாதைக் குறைவாகவோ பேசுவது, அவசர கேஸுக்கு முதலுதவிகூடத் தராமல் திருப்பி அனுப்புவது: இவை டாக்டர் அல்லது ஊழியரின் தனிப்பட்ட தவறு. பணிச்சுமையைக் காரணம் காட்டித் தப்ப முடியாது. எந்த டாக்டரும் அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையம் பற்றிய புகார் வட்டார மருத்துவ அலுவலருக்கு, பிறகு மாவட்ட சுகாதார அலுவலருக்கு. அரூர், பாலக்கோடு, பென்னாகரம் மாதிரி அரசு மருத்துவமனைகள் வேறு இயக்குநரகம், அங்கே இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன். மூன்றும் தனித்தனி என்பது தெரியாமல் ஒருவரிடம் கொடுத்த மனு இன்னொருவரிடம் சுற்றியே மாதங்கள் போகும். 104 சுகாதார உதவி எண், முதல்வரின் முகவரி உதவி எண் 1100, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாள் ஆகியவையும் உண்டு.

"டாக்டர் சரியில்லை" என்று எழுதினால் விசாரிக்க எதுவும் இருக்காது. தேதி, நேரம், ஓ.பி. சீட்டு எண், என்ன தொந்தரவுக்குப் போனீர்கள், யார் என்ன சொன்னார்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று ஆறு வரி போதும். வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புவதைவிட இந்த ஆறு வரிக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம். அதோடு அந்த வீடியோவில் பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் பெண்ணும் விழுவார், அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆள் பற்றாக்குறை என்று சந்தேகம் வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வி நாலே நாலு: அனுமதிக்கப்பட்ட டாக்டர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, அதில் மாற்றுப்பணியில் இருப்பவர் எத்தனை, கடந்த 3 மாதத்தில் நாள்வாரியாக ஓ.பி. எண்ணிக்கை என்ன. "2, 2, 1" என்று பதில் வந்தால் அதைக் கிராம சபையில் அப்படியே வாசித்துத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. மாற்றுப்பணியில் போன அந்த ஒருவர் எந்த ஆணைப்படி, எந்தத் தேதியிலிருந்து, எந்த இடத்துக்குப் போனார் என்பது அடுத்த மனுவின் முதல் கேள்வி.